லவராங்குக்கு ஆட்களை வரவழைத்த கதை

2024 ஜனவரி 15, திங்கட்கிழமை. பெலால் புயல் வந்த அன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை மொரிஷியஸில் இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று காலை ஆறரை மணிக்கு என் போனில் அலுவலகத்திலிருந்து மூன்று வாட்ஸ்அப் செய்திகள். ஒன்று வேலைக்கு வரச் சொன்னது. இன்னொன்று வர வேண்டாம் என்றது. மூன்றாவது, முந்தைய வருஷத்துப் புயலுக்கு எழுதியதை யாரோ திரும்ப அனுப்பியது. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எனக்கே எதை நம்புவதென்று தெரியவில்லை என்றால், விடியுமுன் எழுந்து பஸ்ஸுக்கு நிற்கும் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதுதான் அன்று முழுவதும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகி ரோஸ் ஹில்லுக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஒரு ஹோட்டல் குழுமத்தில் ஊழியர்களுக்கான தகவல் தொடர்பு என் வேலை. அலுவலகம் எபேனில், ஹோட்டல்கள் கடலோரத்தில். எங்களுக்கு ஏற்கெனவே மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்டில் ஒரு இன்ட்ரானெட், அதாவது ஊழியர்கள் மட்டும் பார்க்கும் உள் இணையதளம், இருந்தது. 'ஸ்டாஃப் போர்ட்டல்' என்று பெயர், முதல் பக்கத்தில் பழைய புத்தாண்டு வாழ்த்து. பெலாலுக்குப் பிறகு நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, இதற்கு ஒரு நல்ல பெயர் வைத்து, லோகோ போட்டு, எல்லாரும் பார்க்கும்படி செய்யுங்கள் என்றது. இந்த மாதிரி வேலை கையில் வந்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதிதாக வேறு ஏதாவது வாங்கலாமா என்றும் பேச்சு வந்தது. அலுவலகங்களுக்கான மெட்டாவின் வொர்க்பிளேஸ் தளம் பார்க்க ஃபேஸ்புக் மாதிரியே இருக்கும், எல்லாருக்கும் பழகினது என்றார்கள். ஆனால் அந்த மே மாதமே அதை மூடப்போவதாக மெட்டா அறிவித்துவிட்டது. சரி, இருப்பதையே சரி செய்வோம் என்று முடிவானது.

பெயரில் இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதமும் வீணில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஊழியர்களிடம் பெயர் கேட்டோம். கம்பெனிப் பெயரோடு 'நெட்', 'கனெக்ட்', 'ஹப்' ஒட்டியவைதான் அதிகம். ஒரு சமஸ்கிருதப் பெயர் வந்தது, இரண்டு பிரெஞ்சுப் பெயர்கள். எனக்குள் ஒரு ஆசை இருந்தது, 'திண்ணை' என்று வைக்க வேண்டும் என்று. பக்கத்துச் சீட்டில் இருக்கும் மொரிஷியஸ் தமிழர், என்னைவிட இருபது வயது மூத்தவர், அதை மெதுவாகத் தடுத்தார். "1998 நோட்டு விஷயம் உனக்குத் தெரியாதும்மா" என்றார். அந்த வருஷம் வந்த புது ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். முதலில் வந்து இறங்கியவர்கள் நாங்கள், எங்கள் எழுத்து ஏன் கீழே போனது என்று தமிழர்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று அடுத்த வருஷம் தமிழை மேலே போட்டு அச்சடித்தார்கள். ஒரு வரி மேலே கீழே ஆனதற்கே இவ்வளவு நடந்த ஊரில், எல்லாருக்கும் பொதுவான இடத்துக்கு ஒரு சமூகத்தின் மொழியில் பெயர் வைத்தால் மற்றவர்கள் அதை விருந்தாளி மாதிரிதான் பார்ப்பார்கள் என்றார். அவர் சொன்னது நியாயம்.

ஆனால் திண்ணை என்ற எண்ணத்தை அவர் தள்ளவில்லை. "அதை க்ரெயோலில் சொல்லு" என்றார். க்ரெயோல், பிரெஞ்சிலிருந்து பிறந்து இங்கே பெரும்பாலோர் பேசும் மொழி. லவராங். வீட்டு முகப்பில் இருக்கும் வராந்தா. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் "கி மான்யேர்" என்று நலம் விசாரிக்கும் இடம். இங்கே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீனர் யார் வீட்டுக்குப் போனாலும் அந்தச் சொல் உண்டு, வாயில் சுலபமாக வருகிறது, விளக்கவே வேண்டாம். கூட்டத்தில் சொன்னதும் தோட்ட மேற்பார்வையாளர் சிரித்தார், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெயரைத் தேர்ந்தெடுத்தவுடன் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு ஐந்து பேரிடம் போனில் சொல்லிப் பாருங்கள், மறுபடி கேட்காமல் சரியாக எழுதுகிறார்களா என்று. க்ரெயோலுக்கு 2004இல்தான் பொதுவான எழுத்துமுறை வகுக்கப்பட்டது, பள்ளியில் 2012இல்தான் பாடமாக வந்தது, அதனால் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். தேடும்போது எந்த எழுத்தில் அடித்தாலும் வரும்படி ஐ.டி. ஆட்களிடம் நான்கு வகையும் கொடுத்துவைத்தோம்.

லோகோ கதை இன்னும் நீளம். டிசைனர் முதலில் கொண்டுவந்தது ஆரஞ்சு நிற உதயசூரியன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே சூரியனும் ஆரஞ்சும் எம்.எஸ்.எம். கட்சி. அந்த வருஷம் தேர்தல் வேறு வரவேண்டியிருந்தது, நவம்பர் 10இல் நடந்தும் முடிந்தது. அடுத்து, விருந்தோம்பலுக்குப் பொருத்தம் என்று ஒரு இதயம். இதயம் எம்.எம்.எம். கட்சியின் சின்னம். உள்ளே நுழையும் பொத்தானுக்கு ஒரு சாவி போட்டிருந்தார், சாவி தொழிற்கட்சி. டிசைனர் பக்கத்துத் தீவான ரியூனியனில் இருப்பவர், பாவம், அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும். நான் வெளியூர்க்காரி, எனக்கும் பாதிதான் தெரியும். உள்ளூர் ஆட்கள் நாலு பேர் பார்க்காமல் எந்தப் படமும் அச்சுக்குப் போகக் கூடாது என்று அன்றே ஒரு விதி வைத்தோம். கடைசியில் வராந்தாவின் மரச் சட்டமும் அதில் ஒரு நாற்காலியும். நிறம், கடல் பச்சை. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. வெளிர் பச்சையில் வெள்ளை எழுத்து கணினியில் நன்றாகத் தெரிந்தது, நீச்சல்குளப் பக்கம் வெயிலில் நின்று போனில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்பது இணையத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல். அதைப் பார்த்துப் பச்சையை இருட்டாக்கினோம். உங்கள் ஆட்கள் எங்கே நின்று பார்ப்பார்களோ அங்கே போய் நின்று பாருங்கள்.

2024 செப்டம்பரில் தொடக்க விழா. எல்லா ஹோட்டலிலும் ஊழியர் உணவுக்கூடத்தில் காத்தோ பிமான் என்ற பருப்பு வடை, டீ, போஸ்டர், கியூ.ஆர். கோடு. கூட்டமாக வந்தார்கள், போனை எடுத்து ஸ்கேன் செய்தார்கள். செய்ததும் மின்னஞ்சல் முகவரி கேட்டது. சமையலறை, லாண்டரி, தோட்டம், இந்த ஆட்களுக்கு கம்பெனி மின்னஞ்சலே கிடையாது. ஐ.டி. பிரிவு கணக்குகளைத் திறந்து வைத்திருந்தது, ஆனால் யாருக்கும் அவரவர் பெயரும் கடவுச்சொல்லும் போய்ச் சேரவில்லை. கிடைத்தவர்களுக்கும் இரண்டாவது சரிபார்ப்பு என்று இன்னொரு செயலியை இறக்கச் சொன்னது. சொந்த டேட்டாவில் அதை ஏன் இறக்க வேண்டும் என்று கேட்டார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளே போன சிலர் முதலில் தேடியது போன் நம்பர். இரண்டு வருஷம் முன் ஓய்வு பெற்றவரின் பெயர் வந்தது. அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள், அடுத்த வாரம் யாரும் திறக்கவில்லை. ஒருவர் முதல் தடவை வந்து ஏமாந்துபோனால் இரண்டாம் தடவை அவரைக் கூப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அடுத்த மூன்று மாதம் அனுபவித்தேன்.

அப்போது நிர்வாகத்துக்குக் காட்டிய வருகை எண்கள் என்னவோ நன்றாக இருந்தன. ஏனென்றால் அலுவலகக் கணினிகளில் பிரவுசரைத் திறந்தாலே லவராங் வரும்படி வைத்திருந்தோம். ஒருவர் வேறு எதற்கோ பிரவுசரைத் திறந்தாலும் அது ஒரு வருகையாகக் கணக்கில் ஏறும். அந்த எண்ணைக் கூட்டத்தில் காட்டியவள் நான்தான், ஆனால் அது உண்மையைச் சொல்லவில்லை என்று அடுத்த கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். அதன்பின் இரண்டு விஷயத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தோம்: ஆட்கள் என்ன தேடுகிறார்கள், தேடியது கிடைத்ததா.

அந்தத் தேடல் பட்டியல் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. எல்லாரும் அடித்த சொல் 'கொன்ஸே', அதாவது லீவு. எங்கள் பக்கத்தின் தலைப்போ ஆங்கிலத்தில் வருடாந்தர விடுப்புத் தகுதி என்று ஹெச்.ஆர். பாஷையில் இருந்தது, அந்த இரண்டும் சந்திக்கவே இல்லை. ஷேர்பாயிண்டில் ஒரு சொல்லை அடித்தால் நேராக இந்தப் பக்கத்தைக் காட்டு என்று வைக்கும் வசதி உண்டு, அதில் கொன்ஸேயைப் போட்டோம். தலைப்பையும் மாற்றினோம். அடுத்தபடி பொது விடுமுறைப் பட்டியல். காவடி, சீனர்களின் வசந்த விழா, சிவராத்திரி, உகாதி, ஈத் என்று இங்கே விடுமுறைகள் பல, ஆனால் ஹோட்டல் ஒருநாளும் மூடாது. தைப்பூசத்தன்று கோர் த கார்த் மலை முருகனுக்குக் காவடி எடுப்பவர் ஷிஃப்டை யார் பார்ப்பார், ஈத் அன்று அவருக்கு இவர் எப்படி உதவுவார் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் அடித்துப்பிடித்து நடந்துகொண்டிருந்தது. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் ஒரு எளிய படிவத்தை அந்தப் பட்டியலுக்குக் கீழேயே வைத்தோம். நாங்கள் ஒட்டிய எல்லாப் போஸ்டரையும்விட அந்த ஒரு படிவம் அதிகம் பேரைக் கூட்டி வந்தது.

மொழி விஷயத்திலும் ஒரு முடிவுக்கு வந்தோம். கொள்கை ஆவணங்கள் ஆங்கிலத்தில், செய்திகள் பிரெஞ்சில், தலைப்புகளும் அவசர அறிவிப்புகளும் க்ரெயோலில். இதற்குக் காரணமானவர் ஒரு ஹோட்டலின் தோட்டத்தில் இருக்கும் தொந்தோன். இங்கே மாமா, பெரியப்பா வயதில் இருப்பவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தமிழ்க் குடும்பம், தேவாரம் இரண்டு மனப்பாடம், பேச்சு முழுக்க க்ரெயோல். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு அப்புறம் 'மோ திஃபி', என் மகளே, என்பார். அவரிடம் போனை நீட்டி லவராங்கைத் திறக்கச் சொன்னேன். திறந்தார், பார்த்தார், திரும்பக் கொடுத்தார். "மோ பா கோன் லிர் ஆங்லே, மோ திஃபி." ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதைச் சொல்ல அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார், அது எனக்கு இன்னும் வலிக்கிறது, வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லையே. அந்த வாரமே முக்கியமான அறிவிப்புகளுக்கு ஒரு நிமிஷக் குரல் பதிவு சேர்க்க ஆரம்பித்தோம். வரவேற்புப் பிரிவில் நல்ல குரல் இருந்த ஒரு பெண் அதைச் செய்கிறார்.

இரண்டாம் தடவை விழா எடுக்கவில்லை. ஒரே ஒரு ஹோட்டலில், சத்தமில்லாமல் ஆரம்பித்தோம். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய சின்ன அட்டை, அதில் உள்ளே போகும் விவரம். உணவுக்கூடத்தில் வைஃபை, அதனால் செயலி இறக்க யாருக்கும் காசு செலவில்லை. ஐ.டி. பையன் ஒருவர் மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவர் போனிலும் திறந்து கொடுத்தார். போன் நம்பர் பட்டியலை ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் மாதம் ஒருமுறை பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று பெயர் போட்டு வைத்தோம். இதெல்லாம் பிராண்டிங்கா என்று கேட்டால், என்னைக் கேட்டால் இதுதான் பிராண்டிங். லவராங் என்ற பெயரைக் கேட்டதும் அங்கே போனால் சரியான பதில் கிடைக்கும் என்று ஒருவருக்குத் தோன்றாவிட்டால், பெயர் எவ்வளவு இனிமையாக இருந்து என்ன.

விளம்பரத்துக்கு எங்களுக்குக் கிடைத்த நல்ல இடம் ஊழியர் பஸ். ஷிஃப்டுக்கு வரும்போதும் போகும்போதும் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் போன் இருக்கிறது. முன் சீட்டின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம், ஒரே ஒரு கேள்வியோடு: உங்களுக்கு இன்னும் எத்தனை நாள் லீவு மிச்சம்? கீழே கியூ.ஆர். வருகைப் பதிவு எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியது அவ்வளவாக உதவவில்லை, அங்கே எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள். போஸ்டர்களில் எங்கள் ஆட்களின் படங்களைப் போட்டோம், 2017 தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கி. ஒருவர் பிறகு வேண்டாம் என்றார். காரணம் கேட்காமல் எடுத்துவிட்டு வேறு அச்சடித்தோம்.

2025 பிப்ரவரி கடைசியில் கரான்ஸ் புயல் வந்தது. 28ஆம் தேதி அது ரியூனியனைத் தாக்கியது, அதற்கு முன் எங்கள் பக்கம் எச்சரிக்கை ஏற ஏற எல்லாருக்கும் பெலால்தான் ஞாபகம். இந்தத் தடவை ஒரே ஒரு இடத்தில் மட்டும் எழுதினோம்: யார் வர வேண்டும், யார் வர வேண்டாம், ஹோட்டலில் ஏற்கெனவே இருப்பவர்கள் எங்கே தங்குவார்கள், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. வாட்ஸ்அப் குழுக்களுக்கு அந்த இணைப்பை மட்டும் அனுப்பினோம், வார்த்தை ஒன்றும் சேர்க்காமல். சொன்ன மணிக்கு, சொல்ல புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும், புதிதாக ஒன்றும் இல்லை என்று எழுதினோம். இரவு பத்து மணிக்குத் தொந்தோனின் பேத்தி என்னைக் கூப்பிட்டார். குரல் பதிவைத் தாத்தா மூன்று தடவை கேட்டுவிட்டார், நாளைக்கு வர வேண்டாம் என்பது அவருக்கும் சேர்த்துத்தானா என்று உறுதி செய்யச் சொன்னார் என்றார். ஆமாம், அவருக்கும்தான் என்றேன். அடுத்த நாளே பதிவின் தொடக்கத்தில் எந்தெந்தப் பிரிவுக்கு என்று பெயர் சொல்லி ஆரம்பிக்கும்படி மாற்றினோம்.