ஆய்வு மாணவர் பாடம் எடுக்கும்போது பின்பெஞ்சில் உட்காரப் போகிறீர்களா?

தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகம், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் என்று, கடலைப் படிக்க வருகிறவர்கள் நிறைய உள்ள கரை எங்களுடையது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் செய்முறை வகுப்பு, மதிப்பீடு போன்ற வேலைகளைத் தரலாம் என்று யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 விதிமுறை சொல்கிறது. வேலை வந்துவிடுகிறது, பழக்கிவிடத்தான் ஆள் இல்லை. நானும் அப்படி எடுத்தவன்தான். இப்போது ஜூனியர்களின் வகுப்பைப் பார்க்கப் போகிறேன்.

பார்க்கப் போகிறவர் வகுப்பெடுக்கும் மாணவரின் நெறியாளராக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. உதவித்தொகைத் தாளில் கையெழுத்துப் போடுகிறவரிடம் போய், "சார், இந்தப் பகுதி எனக்கே பிடிபடவில்லை" என்று யார் சொல்வார்கள்? துறையில் வேறொருவர் போதும். முந்தின நாளே, "நாளைக்கு எதைக் கவனிக்கட்டும்?" என்று கேட்டுவிடுங்கள்.

ஒருமுறை நான் பார்க்கப் போன வகுப்பு இது. பாக் விரிகுடாப் பக்கம் ஒரு பாட்டில், மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு பாட்டில் தண்ணீர். ரிஃப்ராக்டோமீட்டரில் உப்புத்தன்மை பார்க்கும் செய்முறை. வாலை வடிநீரில் பூஜ்யத்தைச் சரிபார்த்து, மாதிரியில் ஒரு சொட்டு விட்டு, மூடியை இறக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோட்டில் அளவு தெரியும். வகுப்பெடுத்த ஆய்வு மாணவி அழகாக விளக்கினார். ஆனால் கருவி அவர் கையை விட்டு இறங்கவே இல்லை. அவர் சொன்ன எண்ணைப் பிள்ளைகள் ரெக்கார்டில் எழுதிக்கொண்டார்கள். நான் குறித்தது இவ்வளவுதான்: "10.20: கருவி ஆசிரியர் கையில். 10.45: இன்னும் அங்கேயே." படித்ததும் சிரித்துவிட்டார். 'மாணவர் பங்கேற்பு குறைவு' என்று எழுதியிருந்தால் முகம் வாடியிருக்கும், எதை மாற்றுவது என்றும் தெரிந்திருக்காது. அடுத்த வகுப்பில் ஒரே தண்ணீரை ஆளாளுக்கு அளந்தார்கள். எண்கள் கொஞ்சம் மாறின. 'நீ சரியாகத் துடைக்கவில்லை' என்று ஆரம்பித்து நல்ல சண்டை.

மாணவர் கருத்தைப் பருவ முடிவில் வாங்கினால் அது அடுத்த பேட்சுக்குத்தான் பயன்படும். ஐந்தாறு வாரத்திலேயே பெயர் போடாத அரைத் தாளில் வாங்கலாம்: எது புரிய உதவுகிறது, எதை மாற்ற வேண்டும். அந்தத் தாள்கள் வகுப்பெடுத்தவரிடமே இருக்கட்டும், கோப்பில் ஏற வேண்டாம்.

மதிப்பெண் போடுவதுதான் பெரிய சங்கடம். டீக்கடையில் 'அண்ணே' என்று கூப்பிடுகிற பையனுக்கே அக மதிப்பெண் போட வேண்டும்! முதல் ஐந்து ரெக்கார்டை அவரும் நீங்களும் தனித்தனியாகத் திருத்தி, அப்புறம் ஒப்பிடுங்கள். எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே பேசினால் போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

அவருடைய நேரக் கணக்கில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போன காலையையும் சேருங்கள். கடைசியில் சான்றிதழ் தரும்போது 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல் பாடத்தாளின் பெயர், பருவம், எடுத்த செய்முறைகள், மொத்த மணி நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். வேலைக்கான நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள்.