தானே திறந்துகொண்ட வேர்ட்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை அருகே இருக்கும் எங்கள் தமிழ் அமைப்பின் அலுவலகத்தில் உறுப்பினர் பட்டியலை எக்செல்லில் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். யாரும் தொடாமலே வேர்ட் திறந்தது. சில வேளைகளில் ஆஃபீஸ் முகப்பு வந்து திரையை மறைத்தது. வைரஸ் என்றார் ஒருவர். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார் இன்னொருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் தெரியாமல் மறுபடி நிறுவினால் நேரம்தான் போகும்.

எப்போது திறக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இங்கே இரண்டு விதமாக நடந்தது: கணினிக்குள் நுழைந்ததும் ஒருமுறை, பிறகு வேலைக்கு நடுவே.

முதலாவது எளிது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினியோடு தானே தொடங்கும் செயலிகளைக் காட்டும் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பார்த்தேன். வேர்ட் அதில் இல்லை. விண்டோஸ் அமைப்புகளில் கணக்குகள் பிரிவுக்குள், உள்நுழைவுத் தேர்வுகளில் ஒரு வசதி உண்டு: கணினியை மூடும்போது திறந்திருந்த செயலிகளை அடுத்த முறை அதுவே திறந்து வைக்கும். அதை அணைத்ததும் காலைத் தொல்லை நின்றது.

வேலைக்கு நடுவே திறப்பதுதான் பிடிபடவில்லை. டாஸ்க் ஷெட்யூலரில் குறித்த நேரத்துக்கு ஓடும் பணிகளைத் தேடினேன். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. பட்டியலைத் தட்டச்சு செய்யும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடையாள அட்டையில் உள்ள ஆங்கிலப் பெயர் ஒரு கட்டத்தில், தமிழ்ப் பெயரும் வட்டாரமும் அடுத்தடுத்த கட்டங்களில். ஒவ்வொரு வரியிலும் மொழி மாற வேண்டும். அதற்கு இடப்பக்க ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துவார். அங்கே இருந்ததோ நெருக்கமான சிறிய விசைப்பலகை.

“தம்பி, பாருங்கள், ஈசூன் வந்தால் வேர்டும் வந்துவிடுகிறது” என்றார். ஈசூன் இங்குள்ள ஒரு வட்டாரம்.

முடிச்சு அவிழ்ந்தது அங்கேதான். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ் நான்கையும் ஒன்றாக அழுத்தினால் ஆஃபீஸ் முகப்பு (இப்போது மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்) திறக்கும்படி விண்டோஸில் குறுக்குவழி இருக்கிறது. அவற்றோடு டபிள்யூ சேர்ந்தால் வேர்ட், எக்ஸ் சேர்ந்தால் எக்செல், பி சேர்ந்தால் பவர்பாயின்ட். நான்கு விசைகளும் இடது கீழ் மூலையில் ஒட்டி நிற்பவை. வேகத்தில் உள்ளங்கை நான்கின் மீதும் படிந்துவிடுகிறது. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் ‘ஈ’ இருப்பது டபிள்யூவில்! கை முழுதாக எழுமுன் அடுத்த எழுத்தைத் தட்டினால் வேர்ட் வராமல் என்ன செய்யும்? அக்காவின் கவனிப்பு இல்லாவிட்டால் இதை நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

விசைப்பலகையின் மேம்பட்ட அமைப்புகளில், மொழி மாற்றும் விசைகள் என்ற இடத்தில் ஆல்ட்-ஷிஃப்ட் இணைப்பை நீக்கினேன். இப்போது அவர் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழி மாற்றுகிறார். அகலமான விசைப்பலகை ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். ஈசூன் உறுப்பினர்கள் அனைவரையும் சேர்த்து முடித்துவிட்டார். வேர்ட் ஒருமுறையும் குறுக்கிடவில்லை.

விசை ஏதேனும் சிக்கிக்கொண்டால், இருமொழியில் தட்டச்சு செய்யாதவர்களுக்கும் இது நேரலாம். திரை விசைப்பலகையைத் திறந்து வைத்துப் பாருங்கள். கை வைக்காதபோதும் ஏதேனும் ஒரு விசை அழுந்தியதாகக் காட்டினால், அந்த விசை சிக்கியிருக்கலாம்.