மந்திரத்துக்கு முதலில் விலை வையுங்கள்

மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மந்திரவாதியால் என்னென்ன முடியும் என்ற பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பறப்பான், தீ மூட்டுவான், செத்தவனை எழுப்புவான். பட்டியல் நீள நீளக் கதை மெலிகிறது. எல்லாம் முடிந்தவனுக்கு என்ன இக்கட்டு வந்துவிடப் போகிறது? அவனால் எது முடியாது, முடிகிற ஒன்றுக்கு அவன் எதைக் கொடுக்க வேண்டும் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு சக்தியை எடுத்துக்கொள்வோம்: தொட்டால் காயம் ஆறும். விலை: ஒவ்வொரு முறையும் தொட்டு ஆற்றிய வைத்தியரின் நினைவுகளில் ஒன்று அழியும். இப்போது கேள்விகளை அடுக்க வேண்டும். இதை யார் விற்பார்கள், யார் தடை செய்வார்கள், யார் இதில் ஏமாற்றுவார்கள்? வைத்தியர்கள் எல்லாவற்றையும் எழுதி வைக்கப் பழகுவார்கள். அந்த ஏடுகளைத் திருத்துகிறவன் கையில் அவர்களுடைய வாழ்க்கையே இருக்கும். படைத்தலைவன் வைத்தியர்களைச் சிறை வைப்பான். தன் பெயரையே மறந்தவர்களைப் பார்த்துக்கொள்ள எங்காவது ஒரு மடம் இருக்கும். இதில் எதையும் தனியாகக் கற்பனை செய்யவில்லை, விலையிலிருந்து தானாக வந்தவை.

விலையிலும் ஓட்டை விழும். எந்த நினைவு அழிய வேண்டும் என்று வைத்தியரே தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டால் கதை கவிழ்ந்துவிடும். துக்கத்தைத் தொலைக்க விரும்பும் வைத்தியர்கள் ஓடி ஓடி வைத்தியம் செய்வார்கள், விலை வரமாகிவிடும். (அதுவே வேறொரு நல்ல கதை. ஆனால் நீங்கள் எழுத நினைத்தது அதுவல்ல.) விலைகளிலேயே மட்டமானது களைப்பு. மந்திரம் போட்டான், மயங்கி விழுந்தான், தூங்கி எழுந்தான் என்றால் எதுவும் மாறவில்லை. திரும்பப் பெற முடியாத விலையும், வேறொருவர் தலையில் விழும் விலையும்தான் கதையை நகர்த்தும்.

அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு ஒரு விதி சொன்னார்: மந்திரத்தைக் கொண்டு சிக்கலைத் தீர்க்க எழுத்தாளருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பது, அந்த மந்திரம் வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நடைமுறையில் இப்படிச் செய்யலாம். உச்சக்காட்சியில் பயன்படப்போகும் விதியை அதற்கு முன் இரண்டு முறையாவது காட்டிவிடுங்கள். ஒருமுறை அற்பமான காரியத்தில், போகிற போக்கில். இன்னொருமுறை அது தோற்றுப்போகும்போது. தோல்வியைக் காட்டுவதுதான் முக்கியம், எல்லை எங்கே என்று வாசகர் அதில்தான் தெரிந்துகொள்கிறார். விளக்கப்படாத, மர்மமான மந்திரமும் கதையில் இருக்கலாம். அது சிக்கலை உண்டாக்கட்டும், தீர்க்க வேண்டாம்.

அடுத்தது தூரமும் நாளும். கதைகள் அதிகம் சறுக்குகிற இடம் இது, கவனிப்பவர்களோ குறைவு. நல்ல பாதையில் பழகிய ஒருவர் நாளுக்கு 30 கிலோமீட்டர் நடப்பார். வண்டிகளோடு போகும் பெருங்கூட்டத்துக்கு 15 முதல் 20 கிலோமீட்டரே பெரிது. குதிரை களைக்காத எந்திரம் அல்ல. நாள்தோறும் 40, 50 கிலோமீட்டர் போகலாம். அதற்கு மேல் தொடர்ந்து விரட்டினால் நொண்டும். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ தீனியும் 30 லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் வேண்டும். ஆயிரம் குதிரைகள் பாலைவனத்தைக் கடக்கின்றன என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், அந்தத் தண்ணீரை யார் சுமந்தார்கள் என்று கேட்க ஒரு வாசகராவது இருப்பார். பதில் கண்டுபிடிக்க உட்கார்ந்தால் புதுக் காட்சியே பிறக்கும்: கிணறுகளைக் கைப்பற்றும் சண்டை.

நிலவையும் கணக்கில் வையுங்கள். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சுமார் 29.5 நாள். தப்பியோடும் இரவில் முழுநிலா, எட்டு நாள் கழித்து நடக்கும் போரிலும் முழுநிலா என்று எழுதியவர்கள் ஏராளம். உங்கள் உலகத்துக்கு இரண்டு நிலா என்றால் வேலையும் இரண்டு மடங்கு. நாள், இடம், யார் யார், நிலவின் நிலை என்று நான்கு நெடுவரிசை போட்ட ஒரு தாள் போதும். அத்தியாயம் முடிந்த கையோடு நிரப்ப வேண்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

வரைபடத்துக்கு நீண்ட பாடம் தேவையில்லை. ஆறுகள் போகப் போக ஒன்று சேரும், கழிமுகத்துக்கு அருகில்தான் பிரியும். மழைக்காற்று மோதும் மலைப்பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. பெயர்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முக்கியப் பாத்திரங்களின் பெயர்கள் வேறு வேறு எழுத்தில் தொடங்கட்டும்.

உரையாடலில் நம் மொழிக்கென்று ஒரு வசதி உண்டு. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்ற நான்கையும் யார் யாரிடம் பயன்படுத்துகிறார்கள் என்று முன்பே வகுத்துக்கொண்டால், அந்த உலகத்தின் அதிகார அடுக்கை விளக்கவே வேண்டாம். இதுவரை ‘தாங்கள்’ என்று பேசிய அமைச்சர் திடீரென்று ‘நீர்’ என்றால் அரசனின் காலம் முடிந்தது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். இதன் எதிர்ப்பக்கம்: எல்லாரும் மேடைத்தமிழ் பேசினால் எல்லாரும் ஒரே ஆளாகத்தான் ஒலிப்பார்கள்.

உலகத்தைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளில் பெரும்பகுதி கதைக்குள் வராது, வரவும் கூடாது. ஆயிரம் ஆண்டு வரலாற்றோடு தொடங்கும் முன்னுரையைத் துணிந்து வெட்டலாம். ‘உனக்குத்தான் தெரியுமே, நம் பாட்டனார் காலத்தில்...’ என்று இருவரும் அறிந்ததை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது அதைவிட மோசம். அந்தத் தகவலைச் சண்டையாக்கிப் பாருங்கள். பாட்டனார் செய்தது துரோகமா இல்லையா என்று இருவரும் மோதிக்கொண்டால் வரலாறு தானாக வெளியே வரும்.

முதல் வரைவு முடிந்தபின் முழுக் கதையையும் உடனே திருத்தாதீர்கள். மந்திரம் நடக்கும் காட்சிகளை மட்டும் வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் விலையை யார் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். ஓரம் காலியாக இருக்கும் காட்சிகள்தான் பழுது. பெரும்பாலும் அவை கதையின் பின்பாதியில், எழுத்தாளர் அவசரத்தில் இருக்கும் இடங்களில் கிடக்கும். திருத்தம் அந்தக் காட்சியோடு நிற்காது, முந்தைய அத்தியாயங்களுக்குப் போய் விதையும் ஊன்ற வேண்டியிருக்கும். டோல்கீன் 1937இல் வெளியான ‘ஹாபிட்’ நாவலில், புதிர்ப்போட்டியில் தோற்றால் தன் மந்திர மோதிரத்தைப் பரிசாகத் தர கோல்லம் என்ற குகைவாசி மனமுவந்து சம்மதிப்பதாகத்தான் முதலில் எழுதியிருந்தார். பின்னால் எழுதிய ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற பெருங்கதையில் அந்த மோதிரம் வைத்திருப்பவரை விடாமல் பிடித்துக்கொள்ளும் பொருளாகிவிட்டது. அப்படிப்பட்டதை யாரும் மனமுவந்து தர மாட்டார்கள். எனவே ஏற்கெனவே அச்சான அந்த அத்தியாயத்தை 1951 பதிப்பில் மாற்றினார். உங்கள் வரைவு இன்னும் அச்சேறவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைத் தாராளமாகக் கலைக்கலாம்.