எல்.என்.106 ஹைலக்ஸின் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டிய அனுபவம்

எங்கள் வீட்டு டொயோட்டா ஹைலக்ஸ் 1996-ஆம் ஆண்டு வண்டி. எல்.என்.106 என்னும் இந்த வகைக்கு 2.8 லிட்டர் டீசல் இயந்திரம். முன்னாலும் பின்னாலும் ஒரே இரும்பாக ஓடும் அச்சு. நான்கு சக்கரங்களுக்கும், வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங்குகள்தாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையை ஒட்டி எங்களுக்கு இருக்கும் நான்கு ஏக்கர் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) உரமூட்டைகளை ஏற்றிப் போவதும், அறுத்த குலைகளை ஏற்றி வருவதும் இதன் வேலை. இத்தனை ஆண்டுச் சுமையில் பின்புறம் மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. சென்ற மழைக்காலத்தில் எட்டு மூட்டை உரத்தோடு செம்மண் பாதையின் பள்ளங்களில் இறங்கும்போதெல்லாம் அச்சு மேலேறி முட்டு ரப்பரில் மோதும் சத்தம் இருக்கைவரை வந்தது. சும்மா நிற்கும்போதுகூட அச்சுக்கும் முட்டு ரப்பருக்கும் நடுவே என் நான்கு விரல்கள் மட்டுமே நுழைந்தன.

வேலையைத் தொடங்கும் முன், சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து சுவரில் எழுதி வைத்தேன். பின் இடது 51.5 செ.மீ.; பின் வலது 50 செ.மீ. ஓட்டுநர் அமரும் வலப்பக்கம் ஒன்றரைச் செ.மீ. கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்ட காரியம் என்பதால், பெரிய உயரம் எதையும் நான் தேடவில்லை. இழந்ததை மீட்டு மூன்று, நான்கு செ.மீ. ஏறினால் போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் முயற்சி தவறாகப் போனது. ஒரு கடையில் ஆயத்தமாகக் கிடைத்த, நீளம் குறைந்த, 9 மி.மீ. தடிமனுள்ள பட்டைகள் இரண்டை வாங்கி வந்து, பக்கத்துக்கு ஒன்றாக அடுக்கின் அடியில் செருகினேன். உயரம் உடனே 6 செ.மீ. ஏறியது, பார்க்கவும் நன்றாக இருந்தது. ஆனால் வெறும் வண்டியாக லிந்தாங் சாலையில் ஓட்டியபோது, பாலங்களின் இணைப்பு ஒவ்வொன்றிலும் பின்புறம் துள்ளியது. செம்மண் பாதையில் வரிவரியாகக் கிடக்கும் மேடுகளில் சக்கரம் தரையை விட்டு எழும்பி, வளைவில் வண்டியின் வால் பக்கவாட்டில் நகர்ந்தது. இரண்டே வாரத்தில் அவற்றைக் கழற்றிவிட்டேன்.

அந்த இரண்டு வாரங்களில்தான், முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டிய கணக்கைத் தெரிந்துகொண்டேன். பட்டையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். ஆனால் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். எங்கள் வண்டியின் பட்டைகள் 60 மி.மீ. அகலமும் 7 மி.மீ. தடிமனும் உள்ளவை. ஏழின் மும்மடி 343. ஒன்பதின் மும்மடி 729. அதாவது ஒரு பட்டை கூட்டுவதாக எண்ணிக்கொண்டு, விறைப்பில் இரண்டு பட்டைகளுக்கும் மேலாகவே கூட்டியிருந்தேன். நீளம் குறையக் குறைய விறைப்பு இன்னும் ஏறும் என்பதால், அந்தக் குட்டைப் பட்டைகள் செய்த கேடு இந்தக் கணக்கையும் தாண்டியது. போதாததற்கு, குட்டைப் பட்டையின் நுனி தொடும் இடத்திலேயே மேல் பட்டை மீண்டும் மீண்டும் வளைவதால், நாளடைவில் அது அங்கேயே ஒடியும். கூட்டும் பட்டை பழைய பட்டைகளின் தடிமனிலேயே இருக்க வேண்டும். இயன்றவரை நீளமாகவும் இருக்க வேண்டும். வளைவு மட்டும் அடுக்கின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் வளைவுதான் வண்டியைத் தூக்குகிறது. பட்டைகளின் நடுத்துளை வழியே அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டை இறுக்கும்போது பட்டைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி மூடி, புதிய பட்டை மேலுள்ளவற்றின் நுனிகளை மேல்நோக்கித் தள்ளும். வளைவு அளவுக்கு மீறினாலோ, சுமை ஏறும் முன்பே அந்த ஒரு பட்டை பெரும் இழுவிசையில் நிற்கும். ஒடிவதும் முதலில் அதுவாகவே இருக்கும்.

இரண்டாம் முறை ஈப்போவில் லோரி ஸ்பிரிங் வேலை செய்யும் ஒரு பட்டறைக்குப் போனேன். என் அடுக்கின் வளைவை அட்டையில் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். இரண்டாம் பட்டையைவிட இரு நுனியிலும் நான்கு விரல்கடை குறைவான நீளத்தில், 7 மி.மீ. தடிமனில், அட்டையில் வரைந்த கோட்டைவிட நடுவில் 4 செ.மீ. கூடுதல் வளைவோடு இரண்டு பட்டைகளைச் செய்து தந்தார்கள். எஸ்.யூ.பி.9 என்று குறிக்கப்படும் குரோமியம், மாங்கனீசு கலந்த ஸ்பிரிங் எஃகு அது. சூடாக்கி வளைத்து, எண்ணெயில் அமிழ்த்தி, மீண்டும் மிதமான சூட்டில் பதப்படுத்தினால்தான் அது ஸ்பிரிங்காக வேலை செய்யும். பழைய பட்டையை வாயு விளக்கால் சுட்டு வளைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. சுட்ட இடத்தில் எஃகு தன் பதத்தை இழந்து சில மாதங்களில் மறுபடி தளர்ந்துவிடும் என்பதால் நான் அதை நாடவில்லை. இரண்டு பட்டைகள், அடுக்கை அச்சோடு கட்டும் நான்கு புதிய யூ-போல்ட்டுகள், இரண்டு நடு போல்ட்டுகள் ஆகிய எல்லாம் சேர்த்து 260 ரிங்கிட் ஆனது.

கழற்றும் வேலைக்கு என் பெரியப்பா துணைக்கு வந்தார். தோட்டத்து லோரிப் பட்டறையிலேயே தம் காலத்தைக் கழித்தவர் அவர். மூன்று நாள் மாலையும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தும் யூ-போல்ட்டின் நட்டுகள் அசையவில்லை; அறுத்துத்தான் எடுத்தோம். யூ-போல்ட் ஒரு முறை இறுக்கப்பட்டதுமே நீண்டு வளைந்துவிடுவது. அதை மறுபடி பயன்படுத்தக்கூடாது என்பதால் அறுத்ததில் இழப்பு ஒன்றும் இல்லை. முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சேசிஸை இரண்டு தாங்கிகளில் நிறுத்தி, அச்சின் கீழே டிராலி ஜாக்கை வைத்தோம். ஒரு பக்கத்தை முடித்துப் பூட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொட்டோம். இரண்டையும் சேர்த்து அவிழ்த்தால் அச்சு தன் இடத்தை விட்டு உருண்டுவிடும். அதிர்வைத் தணிக்கும் அப்சோர்பரின் அடி போல்ட்டைக் கழற்றியதும், ஜாக்கை மெல்ல இறக்கி, நடு போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியை விட்டு வெளியே வரும்வரை அச்சைத் தாழ்த்தினோம். இந்த நேரத்தில் பிரேக் ஹோஸ் அச்சின் பாரத்தில் இழுபடுகிறதா என்பதை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நடு போல்ட்டை அவிழ்க்கும் முன் அடுக்கின் இரு புறமும் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டோம். அவிழ்ந்த கணத்தில் பட்டைகள் விரிந்து எகிறும். ஆகவே நேர் எதிரே முகத்தை வைக்கக்கூடாது. கிளாம்புகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பட்டைகளை வரிசையாகத் தரையில் பரப்பினோம். பட்டைகளுக்கு நடுவே துரு அப்பளம்போல உரிந்து வந்தது. இரண்டாம் பட்டையின் அடியில், மூன்றாம் பட்டையின் நுனி இத்தனை ஆண்டுகள் உரசியதில், நகம் சிக்கும் ஆழத்தில் ஒரு பள்ளம் இருந்தது.

பெரியப்பா ஒவ்வொரு பட்டையையும் ஒரு முனையில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். இரண்டு பட்டைகள் கோயில் மணிபோல நின்று ஒலித்தன. மூன்றாவது, தட்டிய உடனே அடங்கிப் போனது. "இது செத்த சத்தம்ப்பா. எங்கயோ விட்டிருக்கு, பாரு" என்றார். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மண்ணெண்ணெயைத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புக் கட்டியை அதன்மேல் தேய்த்தார். வெள்ளையான பரப்பில், நடு போல்ட்டின் துளையிலிருந்து விளிம்பை நோக்கி, தலைமுடி அளவு ஈரக் கோடு ஒன்று மெல்ல ஊறி எழுந்தது. வெடிப்புக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் சுண்ணாம்பில் கசிந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது. வலப்பக்க அடுக்கு ஒன்றரைச் செ.மீ. தாழ்ந்திருந்ததற்கு ஓட்டுநரின் எடையை நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வெடித்த பட்டையும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். முதல் முயற்சியில் அடுக்கைப் பிரித்துப் பார்க்காமல், அடியில் மட்டும் பட்டையைச் செருகியபோது, இந்த வெடிப்பின் மேலேயே கூடுதல் விறைப்பை ஏற்றியிருந்தேன் என்பதை நினைக்க இப்போதும் கலக்கமாக இருக்கிறது. பட்டை கூட்ட விரும்பும் எவரும் அடுக்கை முழுதாகப் பிரித்துத் தட்டிப் பார்க்காமல் கூட்ட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

வேலை அன்றோடு நின்றது. மறுநாள் பழைய உதிரிப்பாகக் கடையில் அதே அளவுப் பட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து, சுண்ணாம்புச் சோதனையை அதற்கும் செய்தோம். வெடித்த பட்டையைப் பெரியப்பா வெட்டுக்கத்தி அடிக்கக் கொடுப்பதற்காக எடுத்துக்கொண்டார். பாராங்குக்கு இந்த எஃகைவிடச் சிறந்தது கிடைக்காது என்பது அவருடைய கருத்து.

பூட்டும் வேலை எளிதாகவே போனது. எல்லாப் பட்டைகளையும் துரு நீக்கி, தொடும் பரப்புகளில் கிராபைட் கிரீஸ் தடவினோம். புதிய பட்டை இரண்டாம் பட்டைக்குக் கீழே, நீள வரிசைப்படி அமர்ந்தது. வளைவு கூடுதலாக இருப்பதால் நடு போல்ட் எட்டாது. ஒரு நீண்ட மரைக்கம்பியைத் துளைகளின் வழியே விட்டு, கிளாம்புகளையும் அதையும் மாறி மாறி இறுக்கி இடைவெளியை மூடிய பிறகு, கம்பியை எடுத்துவிட்டு உண்மையான போல்ட்டைப் போட்டோம். யூ-போல்ட்டின் நான்கு நட்டுகளையும் குறுக்கு வரிசையில், சிறிது சிறிதாக, முடிவில் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கலின் போல்ட்டுகளை மட்டும் அப்போது இறுக்கவில்லை. சக்கரம் தொங்கும் நிலையில் அவற்றை இறுக்கினால் ரப்பர் புஷ் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொண்டு, வண்டியை இறக்கியதும் முறுகிக் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, பின்புறத்தைப் பலமுறை அமுக்கி ஆட்டிவிட்டு, அதன் பிறகே இறுக்கினோம்.

உயரம் இடது 55.3, வலது 55 செ.மீ. என்று வந்தது. எனக்கு மனநிறைவாக இருந்தது. அந்த நிறைவில்தான் ஒன்றை மறந்தேன்.

இந்த வண்டியில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்பக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று சேசிஸில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகிறது. சுமை ஏறி உடல் தாழும்போது கம்பி மேலே தள்ளப்பட்டு, வால்வு பின் சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். வண்டி வெறுமையாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டால், எத்தனை மூட்டை ஏற்றினாலும் வால்வு அதைக் குறைவான சுமையாகவே எடுத்துக்கொள்ளும். மறு வாரம் 400 கிலோ உரத்தோடு மழையில் வந்தபோது, சமிக்ஞை விளக்கின் முன்னால் பிரேக்கை மிதித்தேன். வண்டியின் மூக்கு ஆழக் குனிந்தது. முன் சக்கரங்கள் வழுக்கின. பின்புறமோ பிடிக்கவே இல்லாததுபோல் தள்ளிக்கொண்டு வந்தது. நிறுத்தக் கோட்டைத் தாண்டி ஒரு வண்டி நீளம் சென்று நின்றேன். குறுக்கே யாரும் வரவில்லை.

அன்றே வண்டியை நிறுத்திவிட்டேன். அச்சில் கம்பி பிணையும் பிடியை, வண்டி உயர்ந்த அளவுக்கே உயர்த்தி, தடித்த இரும்புத் தகட்டில் புதிதாகச் செய்து போட்டோம். கண்மதிப்பில் இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஈப்போவில் உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழற்றிப் பிரேக் விசையை அளக்கும் கருவியுள்ள பட்டறையில், வெறுமையாகவும் சுமையோடும் இரண்டு முறை அளந்து, பிடியை இன்னும் சிறிது நகர்த்திச் சரிசெய்துகொண்டேன். பின் பிரேக் ஹோஸின் நீளத்தையும், கைபிரேக் கம்பியின் தளர்வையும், அப்சோர்பர் முழுதாக நீண்டுவிடாமல் இருப்பதையும் அங்கேயே பார்த்துக்கொண்டோம். நான்கு செ.மீ. உயரத்துக்கு அவை போதுமானவையாக இருந்தன. மணிக்கு 90 கிலோமீட்டரில் பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் அதிர்வு எதுவும் இல்லை.

100 கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட்டுகளை மறுபடி சோதித்தபோது நட்டுகள் ஏறத்தாழக் கால் சுற்று இடம் கொடுத்தன. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அமர்வதால் இது நேர்கிறது. இறுக்காமல் விட்டால் நடு போல்ட் அறுந்து, அச்சே நகர்ந்துவிடும். 500 கிலோமீட்டரில் மீண்டும் சோதித்தேன்; அப்போது அசைவில்லை.

ஒரு மாதம் கழித்து அளந்தபோது பட்டைகள் படிந்து, இடது 54.6, வலது 54.4 செ.மீ. என்று நின்றன. முன்பு எட்டு மூட்டைக்குப் பின்புறம் 6.5 செ.மீ. தாழ்ந்தது, இப்போது 5.2 செ.மீ. தாழ்கிறது. வெறும் வண்டியின் ஓட்டம் பழையதைவிடச் சற்று இறுக்கமானதுதான். ஆனால் முதல் முயற்சியின் துள்ளல் அறவே இல்லை. செம்மண் பாதையின் அதே பள்ளங்களில், அதே எட்டு மூட்டையோடு, முட்டு ரப்பரின் சத்தம் இன்றுவரை கேட்கவில்லை.

முன்பக்கத்துக்கும் பட்டை கூட்டலாமே என்று மைத்துனர் கேட்டார். இந்த வகை வண்டியில் ஸ்டீயரிங் கம்பி சேசிஸை ஒட்டி முன்பின்னாக ஓடி, அச்சின் முனையில் சக்கரத்தைத் திருப்பும் கையைத் தள்ளி இழுக்கிறது. முன்புறத்தை உயர்த்தினால் அந்தக் கம்பி சாய்ந்து, மேடுபள்ளத்தில் அச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். முன் ஸ்பிரிங்குகளைப் பிரித்து, தட்டிப் பார்த்து, சுண்ணாம்புச் சோதனை செய்து, கிரீஸ் தடவி அதே உயரத்தில் மறுபடி பூட்டுவதாக மட்டும் முடிவு செய்திருக்கிறேன். அதற்கான யூ-போல்ட்டுகளை வாங்கி வைத்துவிட்டேன். உரம் போடும் சுற்று முடிந்ததும் பெரியப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.