அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது டிபிஏவோடு பட்ட பாடு

பெரிய மருத்துவமனைகளில், மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்காக 'டிபிஏ' என்று பலகை மாட்டிய ஒரு கவுன்ட்டர் இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் டிபிஏவின் ஆள் இல்லை, மருத்துவமனை ஊழியர். போன வருடம் திருச்சியில் அப்பாவைச் சேர்த்திருந்தபோது, அந்தக் கவுன்ட்டர் பெண்ணிடம் "ஏன் பணம் தர மாட்டேங்கிறீங்க" என்று சத்தம் போட்டவர்கள் பலரைப் பார்த்தேன். பாவம், அவரால் படிவத்தை இணையத்தில் ஏற்றவும், வரும் பதிலை நமக்குச் சொல்லவும்தான் முடியும்.

டிபிஏ என்பது மூன்றாம் தரப்பு நிர்வாகி. நாம் பிரீமியம் கட்டுவது காப்பீட்டு நிறுவனத்துக்கு. பணம் தர வேண்டியதும் அதுதான். நடுவில் அட்டை தருவது, மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் பேசுவது, சேர்க்கையின்போது முன் அனுமதி பார்ப்பது, பில்லைச் சரிபார்ப்பது எல்லாம் டிபிஏவின் வேலை. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் பதிவுச் சான்று பெற்றுத்தான் நடத்த முடியும். இதற்கான விதிகள் 2001-லேயே வந்துவிட்டன, 2016-ல் புதிதாக எழுதப்பட்டன. இதற்கான கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் தருகிறது. 'கிளைமைக் குறைத்தால் அவர்களுக்குக் கமிஷன்' என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அப்படிக் கட்டணத்தை நிர்ணயிக்கக் கூடாது என்றுதான் விதி இருக்கிறது. ஐ.சி.யூ. வாசலில் நிற்கிறபோது அந்த விதியை நம்ப மனசு வருவதில்லை, அது வேறு விஷயம்.

அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு ஓடினோம். இசிஜி, ரத்தப் பரிசோதனை, ஆஞ்சியோ என்று போய், ஒரு குழாயில் பெரிய அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். பாலிசி ஒரு பொதுத்துறை நிறுவனத்தில், ஐந்து லட்சத்துக்கு. 2020-ல் எடுத்தது, விடாமல் புதுப்பித்து ஐந்தாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அவசரச் சேர்க்கை என்றால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிட வேண்டும். ஆதார், பாலிசி, டிபிஏ அட்டை மூன்றையும் கொடுத்தோம். முன் அனுமதிப் படிவத்தில் ஒரு பகுதியை நாமும் இன்னொரு பகுதியை மருத்துவரும் நிரப்ப வேண்டும். நம் பகுதியை நானே எழுதினேன். மருத்துவர் பகுதியை யார் எழுதுகிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. எங்களுக்குச் சிக்கல் வந்தது அங்கேதான்.

"சார், க்வெரி வந்திருக்கு. பதில் குடுத்தாத்தான் நகரும்" என்றார் கவுன்ட்டர் பெண். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு எத்தனை வருடமாக இருக்கிறது, முதலில் பார்த்த மருத்துவரின் சான்று எங்கே என்று டிபிஏ கேட்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தால், 'ஆறு வருடமாக ரத்தக்கொதிப்பு' என்று டியூட்டி டாக்டர் எழுதியிருக்கிறார். அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். அம்மா அந்தப் பதற்றத்தில் "அஞ்சாறு வருஷம் இருக்கும்" என்றிருக்கிறார். பாலிசிக்கு ஐந்து வருடம், நோய்க்கு ஆறு வருடம். டிபிஏ டாக்டர் கண்ணில் இது படாமல் இருக்குமா?

நல்ல காலம், பாலிசி எடுக்கும்போதே முன்மொழிவுப் படிவத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுவதை அப்பா எழுதியிருந்தார். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்க எங்கள் பாலிசியில் 48 மாதம் காத்திருக்க வேண்டும், அது முடிந்துவிட்டது. (2024 ஏப்ரலுக்குப் பிறகு இது அதிகபட்சம் 36 மாதம்தான்.) ஆனால் படிவம் காப்பீட்டு நிறுவனக் கிளையில் தூங்குகிறது, டிபிஏ டாக்டர் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. ஏஜென்ட் அண்ணனை எழுப்பிப் படிவத்தின் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கினேன். கூடவே எல்லா வருடப் புதுப்பித்தல் நகல்களையும் சேர்த்து, கவுன்ட்டரில் கொடுத்ததோடு நிற்காமல், கிளைம் எண்ணைத் தலைப்பில் போட்டு டிபிஏவுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன்.

அப்புறம் டிபிஏவின் உதவி எண்ணுக்குப் பேசி ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஃபைல் இப்போ உங்ககிட்ட இருக்கா, ஆஸ்பத்திரியில இருக்கா, கம்பெனியில இருக்கா?" அதுவரை "பிராசஸ்ல இருக்கு சார்" என்றே சொன்னவர், இதற்கு மட்டும் நேராகப் பதில் சொன்னார். மருத்துவமனை என் காகிதங்களை இன்னும் ஏற்றவே இல்லை! இதற்கப்புறம் யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி இதுதான்.

இன்னொன்று. கேஷ்லெஸ், அதாவது நாம் கட்டாமல் காப்பீட்டிலிருந்தே மருத்துவமனைக்கு நேராகப் பணம் போவது, மறுக்கப்பட்டால் கிளைமே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கலாம். கிளைமையே நிராகரிப்பது என்றால் டிபிஏ தானாக முடிவெடுக்க முடியாது. காப்பீட்டு நிறுவனத்தின் குழு ஒப்புதல் தர வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகனிடம் கவுன்ட்டரில் யாரோ "டிபிஏ ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட, அவர் நகையை அடகு வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். எழுத்தில் காட்டச் சொல்லுங்கள் என்றேன். பார்த்தால் அது வெறும் க்வெரி.

எங்களுக்கு முதல் அனுமதி 80,000 ரூபாய்க்கு வந்தது. மருத்துவமனை மதிப்பீடு 1,90,000. பதறிப்போனேன். முதலில் ஒரு தொகை, பிறகு கூடுதல் அனுமதி, கடைசியில் இறுதி பில்லுக்கு அனுமதி என்று படிப்படியாகத்தான் வரும் என்று கவுன்ட்டர் பெண்தான் விளக்கினார்.

அறை விஷயத்தில் மச்சானோடு சண்டையே வந்தது. "அப்பாவுக்கு நல்ல ரூம் போடு" என்றார். எங்கள் பாலிசியில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. 7,500 ரூபாய் அறை எடுத்தால் அந்த 2,500 மட்டும் நம் பாக்கெட்டிலிருந்து போகும் என்று அவர் நினைத்தார். அப்படி இல்லை, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிடுவார்கள். மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைகளை மட்டும் இந்த விகிதத்தில் குறைக்கக் கூடாது. நான் 4,500 ரூபாய் அறையோடு நின்றுகொண்டேன். மச்சான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "போகலாம்" என்றார். கிளம்பும்போது இருட்டிவிட்டது. இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்பதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்று அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. அதை நம்பி மதியமே கார் வரச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தக் கணக்கு, மருத்துவமனை கோரிக்கையை அனுப்பும் நேரத்திலிருந்துதான் ஓடும். மீந்த மருந்தைத் திருப்பி, சுருக்க அறிக்கையில் கையெழுத்து வாங்கி, பில் போட்டு அனுப்பவே நாலு மணி ஆகிவிட்டது. அனுப்பிய பிறகு ஸ்டென்ட்டின் ஸ்டிக்கரும் பில்லும் இல்லை என்று திரும்பி வந்தது. 2017 முதல் ஸ்டென்ட்டுக்கு அரசு உச்சவரம்பு விலை இருப்பதால் அதை விடவே மாட்டார்கள். ஸ்டென்ட் வைத்த கேத் லேப் அறையின் கோப்பிலேயே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை யாரும் ஸ்கேன் செய்யவில்லை, அவ்வளவுதான். இந்தத் தாமதத்தில் டிபிஏவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே நாங்கள் கட்டினோம். கையுறை, பதிவுக் கட்டணம், கூட இருந்தவர் சாப்பாடு போன்றவை. வரிவரியாகப் பிடித்தம் எதற்கு என்று காட்டும் தாளைக் கேட்டு வாங்கினேன்.

சேர்வதற்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் செலவை எங்கள் பாலிசியில் தனியாகக் கேட்க முடியும். மாத்திரை பில்கள், ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாவற்றையும் அசல் காகிதங்களாகவே, ரத்து செய்த காசோலையோடு டிபிஏவுக்கு அனுப்பினோம். அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்தது பிறகு உதவியது. இரண்டு பில்லுக்கு மருத்துவர் சீட்டு இல்லை என்று கழித்தார்கள். ஒன்றுக்குச் சீட்டு இருந்தது; ஸ்கேனை இணைத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன், பணம் வந்தது. வராவிட்டால் அடுத்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற இணையப் புகார் தளம். நிறுவனம் 30 நாளில் தீர்க்காவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணமும் வக்கீலும் வேண்டாம். இன்னொரு பில்லுக்கு உண்மையிலேயே சீட்டு இல்லை, அதை விட்டுவிட்டேன்.

இந்த வருடம் புதுப்பிக்கும்போது, நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும் வேறு டிபிஏவை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று ஏஜென்ட் அண்ணன் சொன்னார். பட்டியலைப் பார்த்தேன். அப்பாவின் இதய மருத்துவர் இருக்கும் மருத்துவமனையோடு ஒப்பந்தம் வைத்திருப்பது பழைய டிபிஏதான் என்பதால் மாற்றவில்லை. முன்மொழிவுப் படிவத்தின் நகலை மட்டும் அம்மாவின் கைப்பையில் இருக்கும் மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.