மெர்ல் டேவிஸின் ஜன்னல்

மார்ச் 4

நேற்றிரவு ‘த பிராஷர் டப்ளூன்’ பார்த்தேன். 1947இல் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், 72 நிமிடம். ரேமண்ட் சாண்ட்லர் 1942இல் எழுதிய ‘தி ஹை விண்டோ’ நாவல்தான் மூலம். பிலிப் மார்லோ என்றதும் எல்லோர் நாவிலும் ஹம்ஃப்ரி போகார்ட் பெயர்தான் வரும். ஆனால் 1944 டிசம்பரிலிருந்து 1947 பிப்ரவரிக்குள் நான்கு பேர் அந்தத் துப்பறிவாளனாக நடித்துவிட்டார்கள். டிக் பவல், போகார்ட், ராபர்ட் மாண்ட்கோமரி, கடைசியாக இந்தப் படத்தின் ஜார்ஜ் மாண்ட்கோமரி. நான்காமவரை யாரும் நினைப்பதில்லை.

ஒரு பார்வைக்கு அது நியாயம்தான். மெல்லிய மீசையும் சிரித்த முகமுமாக வருகிறார். அலுத்துப்போன மனிதனின் பாரம் அவரிடம் இல்லை. ஆனாலும் படம் என்னை விடவில்லை. அதற்குக் காரணம் மெர்ல்.

மார்ச் 5

நாவலை மறுபடி எடுத்துவிட்டேன். பசடேனாவில் பெரிய செங்கல் வீடு. உள்ளே ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்லி போர்ட் ஒயின் குடித்துக்கொண்டிருக்கும் பணக்கார விதவை திருமதி மர்டாக். அவளுடைய செயலாளர்தான் மெர்ல் டேவிஸ். ஆண் விரல் பட்டாலே நடுங்கும் பெண். எட்டு ஆண்டுகளுக்கு முன் முதலாளியம்மாளின் முதல் கணவன் அவளிடம் தவறாக நடக்க முயன்றான். பிறகு அவன் உயரமான ஜன்னலிலிருந்து விழுந்து செத்தான். தள்ளியது நீதான் என்று முதலாளியம்மாள் அவளை நம்பவைத்துவிட்டாள். உண்மையில் தள்ளியது அந்த முதலாளியம்மாளேதான். இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டில் எடுபிடியாக நின்று, தன்னைக் காப்பாற்றுகிறவள் என்று கொலைகாரிக்கே நன்றியோடு இருக்கிறாள் மெர்ல். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எனக்கு நெஞ்சு அடைத்தது இன்னோர் இடத்தில். மிரட்டிப் பணம் பறித்துவந்த வானியர் என்பவனை நான்தான் சுட்டேன் என்று மார்லோவின் வீட்டுக்கே வந்து நிற்கிறாள். அவள் போவதற்கு முன்பே அவன் செத்துக் கிடந்தான்! செய்யாத முதல் கொலையைச் சுமந்து பழகியவள், இரண்டாவதையும் தானாகவே தலையில் ஏற்றிக்கொள்கிறாள். குற்ற உணர்ச்சியை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன துப்பறியும் கதையை நான் வேறு படித்ததில்லை.

மார்ச் 7

நாணயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். படத்தின் பெயரே அதுதான். 1787இல் எஃப்ராயிம் பிராஷர் என்ற நியூயார்க் பொற்கொல்லர் அடித்த தங்கக் காசு. கழுகின் மீது தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். பெரும்பாலான காசுகளில் அவை சிறகில் இருக்கின்றன, ஒன்றில் மட்டும் மார்பில். 2021 ஏலத்தில் சிறகில் பொறித்த காசு ஒன்று 93.6 லட்சம் டாலருக்குப் போனது. நாவலில் இந்தக் காசைத்தான் திருடுகிறார்கள். பல் மருத்துவர்கள் வார்ப்புக்குப் பயன்படுத்தும் பொருளை வைத்து அச்சு அசலாகப் போலி வார்க்கவும் திட்டமிடுகிறார்கள். சாண்ட்லருக்கு இத்தகைய தொழில் நுணுக்கம் கைவந்த கலை.

மார்ச் 8

படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். இயக்குநர் ஜான் பிராம் ஹாம்பர்கில் பிறந்தவர். வானியராக நடித்த ஃப்ரிட்ஸ் கோர்ட்னர் வியன்னாக்காரர், பேசாப் படக் காலத்திலேயே ஜெர்மனியில் பெரிய பெயர். ஹிட்லரால் நாடிழந்தவர்கள் இருவரும். இந்தப் படத்தின் நிழல்களில் அந்த ஜெர்மன் சாயல் தெரிகிறது. கோர்ட்னர் வரும் ஒவ்வொரு காட்சியிலும் அறையே சுருங்கிவிடுகிறது.

நாவலில் சாட்சியம் ஒரு புகைப்படம். இங்கே அது ஓடும் படச்சுருள். பசடேனாவில் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நடக்கும் ரோஜா ஊர்வலத்தை எடுத்துக்கொண்டிருந்த கேமராவில், ஜன்னலில் நடந்ததும் பதிந்துவிடுகிறது. இறுதியில் மார்லோ எல்லோரையும் கூட்டி வைத்து அதைத் திரையிட்டுக் காட்டுகிறான். கீழே கொண்டாட்டம், மேலே ஒரு மனிதனைத் தள்ளிவிடும் கைகள். இருட்டறையில் உட்கார்ந்து எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள், நாமும் அவர்களோடு உட்கார்ந்து பார்க்கிறோம். இந்த ஒரு மாற்றத்தில் படம் நாவலை மிஞ்சிவிட்டது என்றே சொல்வேன்.

மார்ச் 11

மூன்று நாளாக மனம் ஆறவில்லை. மெர்லாக நடித்த நான்சி கில்டின் மிரண்ட கண்களை நான் நம்பினேன். ஆனால் தொடாதே என்கிற பெண்ணைத் தொட்டுத் தொட்டே குணப்படுத்திவிடலாம் என்று இந்த மார்லோ நினைக்கிறான். அவள் நோய்க்கு அவனுடைய முத்தமே மருந்தாம். முடிவில் அணைப்பு. அவள் பட்ட எட்டாண்டு வேதனை ஒரு காதல் விளையாட்டுக்கு முன்கதையாகிவிட்டது. நிஜமாகவே கோபம் வந்தது.

சாண்ட்லரின் மார்லோ அவளிடம் எதையும் கேட்பதில்லை. காரில் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவிலிருந்து கான்சாஸ் மாநிலத்து விசிட்டா வரை ஓட்டிச் செல்கிறான். பெற்றோரிடம் ஒப்படைக்கிறான். அவ்வளவுதான்.

மார்ச் 12

அந்தப் பக்கத்தை இன்று காலை இன்னொருமுறை படித்தேன். விசிட்டா வீட்டில் மெர்ல் ஏப்ரன் கட்டிக்கொண்டு மாவு உருட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் கிளம்பும்போது கையை ஏப்ரனில் துடைத்தபடி வாசலுக்கு வருகிறாள். விரல் பட்டால் நடுங்கியவள், தானாகவே அவன் வாயில் முத்தமிடுகிறாள். அழுகை வந்துவிடுகிறது, உள்ளே ஓடிவிடுகிறாள். அவன் காரை எடுக்கிறான்.