நாயோடு கொடைக்கானல்: சென்னையிலிருந்து மலை ஏறும் வரை

சென்னையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 520 கிலோமீட்டர். வத்தலக்குண்டு வரைக்கும் நாய்க்கு எதிரி வெயில். அதற்குப் பிறகு வரும் மலைப்பாதை சுமார் 50 கிலோமீட்டர்தான். அங்கே எதிரி வயிறு. இந்த இரண்டையும் கணக்கில் வைத்துப் புறப்படும் நேரத்தைக் குறித்துவிட்டால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியதே.

விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்புவது நல்லது. ஒன்பது மணிவாக்கில் திருச்சியைத் தாண்டிவிடலாம். பெரம்பலூர் பக்கத்துப் பொட்டல் வெயிலில் மாட்ட வேண்டியதில்லை. உச்சி வெயில் வருவதற்குள் மலையடிவாரம் வந்துவிடும்.

பயணத்தன்று காலையில் சாப்பாடு கிடையாது. முந்தின இரவு வழக்கத்தில் பாதி, அடுத்த சாப்பாடு கொடைக்கானல் போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் கழித்து. நல்ல ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு ஒரு வேளை பட்டினியால் ஒன்றும் ஆகாது. குட்டிக்கும் சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் இது பொருந்தாது; அவற்றுக்கு மருத்துவர் சொல்கிறபடிதான். "பாவம், பசிக்குமே" என்று திருச்சியில் இரண்டு இட்லி ஊட்டுகிறவர்கள்தான் மலைப்பாதையில் டம் டம் பாறை வளைவில் சீட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள்.

தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்பது பொதுக் கணக்கு. 25 கிலோ லாப்ரடாருக்கு ஒன்றரை லிட்டர் வரும். மூச்சிரைக்கும் நாய்க்கு அது போதாது என்பதால் மூன்று லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாகக் கிண்ணம் நிறைய வைக்காமல் நிறுத்தத்துக்கு அரை டம்ளர் கொடுங்கள்.

உட்கார வேண்டிய இடம் பின் சீட். நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் பெல்ட்டை மாட்ட வேண்டும். கழுத்துப் பட்டையில் மாட்டினால் சடன் பிரேக்கில் கழுத்துக்குத்தான் ஆபத்து. முன் சீட்டில் ஏர்பேக் இருக்கிறது, மடியும் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டவிடுவது பார்க்க அழகுதான். நெடுஞ்சாலை வேகத்தில் தூசும் பூச்சியும் கண்ணில் அடிக்கும்.

இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், ஆனால் டீக்கடை வாசலில் வேண்டாம். அங்கே இருக்கும் தெருநாய்களுக்கு அது அவற்றின் எல்லை; வண்டியிலிருந்து நம் நாய் இறங்கியதும் நான்கைந்து சேர்ந்து வரும். கொஞ்சம் தள்ளி, நிழலும் மண்தரையும் உள்ள இடமாகப் பாருங்கள். கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே கயிறு கையில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதன் பாதமும் வெந்துபோகும்.

வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போவது என்ற பேச்சே கூடாது. வெளியே 30 டிகிரி என்றால் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 40ஐத் தொடும். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. ஒருவர் ஏசியோடு உள்ளே இருக்கட்டும், மற்றவர்கள் முறை வைத்துச் சாப்பிடட்டும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி, ஏசிக் காற்றில் வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 39.5 டிகிரி காட்டியதும் ஊற்றுவதை நிறுத்திவிடலாம். பக், ஷீ சூ மாதிரி மூக்கு சப்பையான நாய்களைச் சித்திரை, வைகாசியில் இந்தப் பாதையில் கூட்டிப் போகாமல் இருப்பதே மேல்.

இனி மலை. வாந்திக்கு முன்னால் நாய் சொல்லிவிடும்: உதட்டை நக்கும், அடுத்தடுத்துக் கொட்டாவி விடும், பிறகு வாயோரம் எச்சில் நூலாக இறங்கும். நூல் இறங்கும்போதே நிறுத்திப் பத்து நிமிடம் தரையில் நிற்கவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஓட்டுகிறவர் வளைவுக்குள் போய் பிரேக் அடிக்காமல் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை தேவைப்படும் நாய்க்கு மருத்துவர் மாரோபிடன்ட் எழுதித் தருவார். "பயணத்துக்கு" என்று சொல்லிக் கேளுங்கள். சாதாரண வாந்திக்குத் தரும் அளவு வேறு, இதற்கு அதைவிடக் கூடுதல். மலை ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், அதாவது திருச்சி தாண்டியதும், ஒரு துண்டு பிஸ்கட்டோடு கொடுத்தால் சரியாக இருக்கும். மனிதர்களுக்கென்று வீட்டில் வைத்திருக்கும் வாந்தி மாத்திரை அவோமினையோ தூக்க மாத்திரையையோ நாமாக உடைத்துக் கொடுக்கக் கூடாது.

2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும்; கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். டம் டம் பாறையிலும் வெள்ளி அருவியிலும் குரங்குகள் உண்டு, நாயை இறக்க வேண்டாம்.

மேலே போனபின் பெரிய ஆபத்து காட்டுமாடு. ஊருக்குள்ளேயே, வீட்டுத் தோட்டங்களில்கூட மேயும். நாம் சும்மா நின்றால் அதுவும் அது பாட்டுக்கு நிற்கும். நாய் குரைத்துக்கொண்டு ஓடினால் திருப்பித் துரத்தும், நாய் நம்மிடம்தான் ஓடி வரும். ஆகவே கயிறு எப்போதும் கையில். இரவில் நாய் அறைக்குள்ளேயே படுக்கட்டும், இது சிறுத்தை நடமாடும் மலை. பேரிஜம் மாதிரி வனத்துறைப் பகுதிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கடைக்குக் கடை விற்கும் சாக்லேட்டை நாய்க்கு எட்டாத பையில் வையுங்கள். கருப்பு சாக்லேட் அதற்கு விஷம். புல்லில் நடந்து வந்ததும் விரலிடுக்கு, காது மடிப்பு, வாலடி மூன்றிலும் உண்ணி பாருங்கள்.

ரயில்தான் வசதி என்றால் சென்னை–மதுரை பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடைக்கானல் ரோடு வரை போய் டாக்ஸி பிடிக்கலாம். முதல் வகுப்பு ஏசியில் இருவர் படுக்கும் கூப்பேயோ நால்வர் படுக்கும் கேபினோ முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால்தான் நாய் உடன் வரலாம். இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதியில்லை. கூப்பே சார்ட் தயாராகும்போதுதான் ஒதுக்கப்படும் என்பதால் முன்பே ரயில்வே வணிகப் பிரிவுக்கு விண்ணப்பம் கொடுத்துவையுங்கள். தடுப்பூசிப் புத்தகம், ஓரிரு நாளுக்குள் வாங்கிய மருத்துவச் சான்று இரண்டோடும் மூன்று மணி நேரம் முன்பே பார்சல் ஆபீஸுக்குப் போய் நாய்க்குப் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். கூப்பே கிடைக்கவில்லை என்றால் மிச்சம் இருப்பது கார்டு வேனில் இருக்கும் இரும்புப் பெட்டி. ஏசி கிடையாது, இரவு முழுக்கத் தனியாக, சத்தத்தில். அதற்கு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுக் காரிலேயே போய்விடலாம்.